மாலை 7 மணிக்கு நின்றுபோகும் தேர்வுத் தளம்: ஜாவா சேர்வரின் நினைவகத்தை அளந்து அமைப்பது எப்படி

உயர்தரப் பௌதிகவியலுக்கு இணையவழியில் ஒரு மாதிரித் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம், யாழ்ப்பாணத்து ரியூசன் நிலையம் ஒன்றின் 600 மாணவர்கள். மாலை 6.55 வரை தளம் நன்றாகவே ஓடுகிறது. 7 மணிக்கு எல்லோரும் ஒன்றாக உள்நுழைகிறார்கள். 7.04க்கு ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம் எடுக்கிறது. 7.10க்குத் தளமே இல்லை. சாவகச்சேரியிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் பெற்றோர் அழைக்கத் தொடங்குகிறார்கள். தளத்தைச் செய்துகொடுத்தவர் சேர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிடுகிறார். பத்து நிமிடத்தில் அதே கதை.

இது உதாரணத்துக்காகச் சொன்ன காட்சி. ஆனால் ஜாவாவில் எழுதிய தளத்தைச் சிறிய வாடகைச் சேர்வரில் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஏதாவது ஒரு பகுதி பழக்கமானதாகத்தான் இருக்கும். அடுத்து வருகிற முடிவும் பெரும்பாலும் ஒன்றுதான்: 4 ஜிபி நினைவகம் போதவில்லை, 8 ஜிபிக்கு மாறுவோம். வாடகையோ டொலரில், வருமானமோ ரூபாயில். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர் அந்த மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியபோது, ஒரு ஜிபி கூடினால் என்ன ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் புரிந்தது.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது: உச்ச நேரத்தில் இந்தச் செயலி உண்மையில் எவ்வளவு நினைவகத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது? அந்த எண் கையில் இல்லாவிட்டால் எந்த அமைப்பை மாற்றினாலும் அது ஊகம்தான். அந்த எண்ணை எடுப்பது எப்படி, எடுத்த பிறகு எதை மாற்றுவது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஜாவா நினைவகத்தை எப்படிச் செலவழிக்கிறது

சி போன்ற மொழிகளில், எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுப்பது நிரல் எழுதியவரின் பொறுப்பு. ஜாவாவில் அந்தப் பொறுப்பு ஜே.வி.எம். என்கிற ஓட்டச் சூழலுடையது. நிரல் புதிய பொருள்களை, அதாவது நினைவகத்தில் வைக்கும் தரவுத் துண்டுகளை, உருவாக்கிக்கொண்டே போகும். எவை இனித் தேவையில்லை என்று கண்டுபிடித்து அந்த இடத்தை மீட்பது குப்பை சேகரிப்பு. சேர்வர் ஆட்கள் ஜி.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். இது ஜாவாவோடு பிறந்த யோசனை அல்ல. ஜோன் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக 1959ஐ ஒட்டி வகுத்தது. 1995இல் வந்த ஜாவா அதை எல்லாருடைய அன்றாட வேலைக்கும் கொண்டுவந்தது.

பொருள்கள் வாழும் இடத்துக்குப் பெயர் ஹீப். ஒரு மாணவர் வினாத்தாள் பக்கத்தைக் கேட்கிறார். தரவுத்தளத்திலிருந்து வந்த வரிகள், அவற்றைக் கோர்த்துச் செய்த பக்கம், இடையில் பிறந்த எழுத்துத் தொடர்கள் என ஆயிரக்கணக்கான பொருள்கள் ஒரு விநாடிக்குள் உருவாகின்றன. பதில் போனதும் அவற்றில் அநேகமாக எல்லாமே பயனற்றவை.

கலியாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். இலை போடுகிறார்கள், சாப்பாடு முடிகிறது, ஒரே வீச்சில் எல்லா இலைகளையும் எடுத்துவிட்டு அடுத்த பந்திக்கு இடத்தை ஒழுங்குபடுத்துகிறார்கள். அண்டாவும் கிடாரமும் குத்துவிளக்கும் அப்படி இல்லை. அவை கடைசிவரை அங்கேயே இருக்கும். ஜே.வி.எம்.மும் ஹீப்பை இப்படித்தான் பிரித்துவைக்கிறது. புதிதாகப் பிறப்பவை இளம் பகுதியில். பல சுற்றுச் சேகரிப்புக்குப் பிறகும் தேவைப்படுபவை முதிய பகுதிக்கு நகர்த்தப்படுகின்றன. இளம் பகுதியைத் துப்புரவாக்குவது மலிவு, ஏனென்றால் அங்கே எஞ்சுவது கொஞ்சம். முழு ஹீப்பையும் ஒன்றாகத் துப்புரவாக்கும் முழுச் சேகரிப்பு விலை கூடியது. அது நடக்கும்போது தளத்தின் எல்லா வேலையும் நின்று காத்திருக்கும்.

இதிலிருந்து ஒரு விளைவு கிடைக்கிறது. ஹீப்பின் பயன்பாட்டை வரைபடமாகப் போட்டால் அது மரம் அரியும் வாளின் பல்லைப் போல ஏறி ஏறி விழும். உச்சி எவ்வளவு உயரம் என்பதில் பெரிய பொருளில்லை. இடம் கொடுத்தால் ஜே.வி.எம். அதை நிரப்பிவிட்டுத்தான் துப்புரவாக்கும். "90 சதவீதம் பாவிக்கப்படுகிறது" என்று கட்டுப்பாட்டுப் பலகை காட்டுவதைப் பார்த்துப் பயந்து பணம் கட்டியவர்கள் உச்சியைப் பார்த்தவர்கள். பார்க்க வேண்டியது பல்லின் அடி. சேகரிப்பு முடிந்த கணத்தில் எஞ்சியிருப்பதுதான் உயிருள்ள தரவு.

ஹீப் மட்டும் நினைவகம் அல்ல

ஜே.வி.எம்.மைத் தொடங்கும்போது ஹீப்பின் உச்ச அளவைச் சொல்வது எக்ஸ்.எம்.எக்ஸ். (-Xmx) என்ற தெரிவு. தொடக்க அளவைச் சொல்வது எக்ஸ்.எம்.எஸ். (-Xms). எக்ஸ்.எம்.எக்ஸுக்கு 3 ஜிபி கொடுத்தால் ஜாவா 3 ஜிபியோடு நின்றுவிடும் என்று நம்புவதுதான் மிகப் பரவலான தவறு. ஜே.வி.எம். ஹீப்புக்கு வெளியேயும் நினைவகம் எடுக்கிறது:

1. மெட்டாஸ்பேஸ். நிரலின் வகுப்புகள் (class), அதாவது பொருள்களுக்கான வார்ப்புகள், பற்றிய விவரங்கள் இருக்கும் இடம். 2014இல் வந்த ஜாவா 8, பழைய பேர்ம்ஜென் பகுதியை நீக்கிவிட்டு இதை வைத்தது. எல்லை சொல்லாவிட்டால் இதற்கு எல்லை கிடையாது. ஸ்பிரிங், ஹைபர்னேட் ஆகிய ஜாவா நிரல் தொகுப்புகள் சேர்ந்த செயலிக்கு 100 முதல் 200 எம்பி வரை போவது வழமை.

2. கோட் கேஷ். அடிக்கடி ஓடும் பகுதிகளை ஜே.வி.எம். இயந்திர மொழிக்கு மாற்றிவைக்கும் இடம். உச்சம் 240 எம்பி, நடைமுறையில் அதில் பாதிக்கும் குறைவு.

3. திரெட்டுகளின் அடுக்குகள். திரெட் என்பது மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் ஒரு வேலைச்சரம், அடுக்கு அது தனக்கென்று வைத்திருக்கும் இடம். 64 பிட் லினக்ஸில் ஒரு திரெட்டுக்கு 1 எம்பி வரை. ஜாவாச் செயலியை ஓட்டி இணையக் கோரிக்கைகளை வாங்கும் மென்பொருளான டொம்கேட், இயல்பாக 200 திரெட்டுகள் வரை திறக்கும்.

4. தரவை வாசிக்கவும் அனுப்பவும் ஹீப்புக்கு வெளியே எடுக்கும் நேரடி இடையகங்கள், அத்துடன் ஜி.சி.யின் சொந்தக் கணக்குப் புத்தகங்கள். பின்னது ஹீப் பெருக்கப் பெருக்கத் தானும் பெருகும்.

இவை எல்லாம் சேர்ந்து 600 எம்பி ஆவது சாதாரணம். இனி நமது 4 ஜிபி சேர்வரைக் கணக்கிடுவோம். லினக்ஸுக்கும் துணைச் சேவைகளுக்கும் 400 எம்பி. மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் அதே இயந்திரத்தில்தான் இருக்கிறது, அதற்கு 800. ஜாவாவின் ஹீப்புக்கு வெளியிலான பங்கு 600. கோப்புகளை வேகமாக வாசிக்க லினக்ஸ் தனக்கென்று பாவிக்கும் இடமும் எதிர்பாராததற்கான ஒதுக்கமும் சேர்த்து 700. 4096இலிருந்து 2500 போனால் மிச்சம் ஏறத்தாழ 1600 எம்பி. இந்த இயந்திரத்தில் ஹீப்புக்கான கூரை அதுதான்.

யாழ்ப்பாணத்தவருக்கு இதைக் கிணற்றை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை. பம்பை வைத்து அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே வரும். வளவு வேறாக இருந்தாலும் நீர் ஒன்றுதான். 4 ஜிபியும் அப்படித்தான். ஜாவா, தரவுத்தளம், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே கிணறு.

இப்போது இரண்டு வகையான சாவு விளங்கும்.

யாரும் எக்ஸ்.எம்.எக்ஸ். சொல்லாவிட்டால் ஜே.வி.எம். இயந்திர நினைவகத்தின் நாலில் ஒன்றை உச்சமாக எடுத்துக்கொள்ளும். 4 ஜிபியில் அது 1 ஜிபி. மீதி இடம் கிடக்க, ஹீப் நிரம்பிப்போய்த் தளம் நிற்கிறது. இதைப் பார்த்து ஒருவர் எக்ஸ்.எம்.எக்ஸை 3 ஜிபி ஆக்குகிறார். சில நாள் நன்றாக ஓடுகிறது. பிறகு ஒரு மாலை ஜாவா சத்தமில்லாமல் மறைந்துபோகிறது. டொம்கேட்டின் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. என்ன நடந்தது என்றால், மொத்த நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸின் மையப்பகுதியான கேர்னல், ஓடிக்கொண்டிருந்த ஒரு செயல்முறையைத் தேர்ந்து கொன்றுவிட்டது. அதிகம் எடுத்தவரைத்தான் அது தேர்வது வழக்கம், ஆகவே ஜாவா. அதற்கான சாட்சி டொம்கேட்டில் இருக்காது. கேர்னலின் பதிவேட்டை டிமெசெஜ் கட்டளையால் பார்த்தால் கொல்லப்பட்ட செயல்முறையின் எண்ணோடு வரி கிடைக்கும்.

பிழைச் செய்தி எதைச் சொல்கிறது

"அவுட் ஆஃப் மெமரி எரர்" என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. அதற்குப் பின்னால் வரும் சொற்களைத்தான் வாசிக்க வேண்டும்.

1. "ஜாவா ஹீப் ஸ்பேஸ்": ஹீப் நிரம்பியது. இடம் போதவில்லையா, தேவையற்ற பொருள்கள் விடுபடாமல் தேங்கும் கசிவா என்பது இதில் தெரியாது.

2. "ஜி.சி. ஓவர்ஹெட் லிமிட் எக்ஸீடெட்": ஜே.வி.எம்.மில் உள்ள பல சேகரிப்பான்களில் (ஜி.சி. வகைகளில்) பேரலல் என்பதில் வரும். 98 சதவீத நேரத்தைச் சேகரிப்பில் செலவழித்தும் 2 சதவீத இடம்கூட மீளவில்லை.

3. "மெட்டாஸ்பேஸ்": வகுப்புகளுக்கு வைத்த எல்லை தீர்ந்தது. சேர்வரை நிறுத்தாமல் செயலியின் புதிய பதிப்பைத் திரும்பத் திரும்ப ஏற்றும் இடங்களில் அதிகம்.

4. "அனேபிள் டு கிரியேட் நேட்டிவ் திரெட்": இதற்கு ஹீப்பைக் கூட்டினால் நிலைமை இன்னும் கெடும். வெளியே இடம் இல்லை அல்லது லினக்ஸ் அந்தப் பயனருக்கு வைத்த திரெட் எல்லை முடிந்தது.

5. செய்தியே இல்லை: மேலே சொன்ன கேர்னல் கொலை. செயலியைத் தனி எல்லைக்குள் அடைத்து ஓட்டும் டொக்கர் கொள்கலனில் ஓடினால் 137 என்ற வெளியேற்ற எண் இதன் அடையாளம்.

நாலாவதில் இடம் இல்லாததுதான் காரணம் என்றால் அதற்கும், ஐந்தாவதுக்கும் வைத்தியம் எக்ஸ்.எம்.எக்ஸைக் குறைப்பது. கூட்டுவதே எப்போதும் தீர்வு என்று பழகிய கைக்கு இது விநோதமாகப் படும், ஆனால் மேலே போட்ட கணக்கை இன்னொரு தடவை பார்த்தால் காரணம் தெரியும்.

பல்லின் அடியை அளப்பது

தேர்வு இரவில் அளக்கப் போகாதீர்கள். அளவிடும் கட்டளைகளில் சில தளத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தும். அதே அளவான இன்னொரு சேர்வரை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்து, ஜேமீட்டர் போன்ற கருவியால் 600 போலி மாணவர்களை இரண்டு நிமிடத்துக்குள் உள்நுழையவிட்டு, வினாக்களைத் திறந்து விடையளிக்கச் செய்யுங்கள். ஜேமீட்டரை வேறு கணினியில் ஓட்டுங்கள். அதுவும் ஜாவாதான், அதே கிணற்றில் இறைக்கும்.

1. ஜி.சி. பதிவேட்டைத் திறந்துவைக்கவும். ஜாவா 9 முதல் எக்ஸ்லொக் என்ற தெரிவு இதற்கு. சுமை மிகக் குறைவு, நிரந்தரமாகத் திறந்தே வைக்கலாம். ஒவ்வொரு சேகரிப்புக்கும் முன் எவ்வளவு, பின் எவ்வளவு, எத்தனை மில்லி விநாடி நின்றது என்று வரி வரியாக எழுதும்.

2. போலி மாணவர்கள் எல்லோரும் உள்ளே இருக்கும்போது ஜாவாவோடு வரும் ஜேமேப் கருவியின் ஹிஸ்டோ லைவ் கட்டளையை (jmap -histo:live) ஓட்டவும். அது முழுச் சேகரிப்பு ஒன்றைச் செய்துவிட்டு எஞ்சிய பொருள்களை வகுப்பு வாரியாகப் பட்டியலிடும். கடைசி வரியின் கூட்டுத்தொகைதான் தேடிய எண்.

3. சில நிமிட இடைவெளியில் மூன்று நாலு தடவை எடுக்கவும். ஒரே அளவில் நின்றால் அது உயிருள்ள தரவு. ஒவ்வொரு தடவையும் ஏறினால் வேறு பிரச்சினை, அதைப் பின்னால் பார்ப்போம்.

முழுச் சேகரிப்புக்குப் பின் எஞ்சுவதைப்போல மூன்று முதல் நாலு மடங்கு ஹீப் கொடுப்பது சேர்வர் ஆட்களிடம் நெடுநாள் பழக்கத்தில் உள்ள கணக்கு. நமது உதாரணத்தில் 420 எம்பி எஞ்சுகிறது என்போம். 1260 முதல் 1680 வரை தேவை. கிணறு தாங்குவது 1600. பொருந்துகிறது, ஆனால் மயிரிழையில். இயல்பான 1 ஜிபி ஏன் விழுந்தது என்பதும் 3 ஜிபி ஏன் விழுந்தது என்பதும் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

8 ஜிபிக்கு ஓட இன்னும் அவசரம் இல்லை. அந்த 420 எதனால் ஆனது என்று ஹிஸ்டோ பட்டியல் ஏற்கனவே சொல்லியிருக்கிறது.

7 மணிக்கு உள்ளே என்ன நடக்கிறது

பட்டியலைப் பிரித்தால், செயலியின் அடித்தளம் 240 எம்பி. மீதி 180 எம்பி மாணவர்களின் செஷன்களுக்குள், அதாவது உள்நுழைந்த ஒவ்வொருவருக்கும் சேர்வர் ஒதுக்கும் இடத்துக்குள், கிடக்கும் வினாத்தாள்கள். 50 வினாக்களும் விடைத் தெரிவுகளும் விளக்கங்களும் ஜாவாப் பொருள்களாக விரியும்போது ஒரு தாள் 300 கேபி என்று வைப்போம். எல்லோருக்கும் ஒரே தாள்தான். ஆனால் உள்நுழையும்போது ஒவ்வொருவரின் செஷனிலும் ஒரு பிரதி வைக்கப்படுகிறது. 600 பிரதிகள். டொம்கேட் ஒரு செஷனைக் கடைசிப் பாவனைக்குப் பிறகும் இயல்பாக 30 நிமிடம் வைத்திருக்கும். மாணவர் இணைப்பு அறுந்து வேறு உலாவியால் திரும்ப வந்தால் பழையதும் கிடக்க, புதியது ஒன்றும் சேரும். கிராமப் பக்கத்து இணைப்புகளில் இது நன்றாகவே நடக்கும்.

இரண்டாவது, படங்கள். பௌதிகவியல் தாளில் மின்சுற்றுப் படங்கள் இருக்கும். ஆசிரியர் கைப்பேசியில் எடுத்து அப்படியே ஏற்றிய படம் 2 எம்பி. செயலி அதைத் தரவுத்தளத்திலிருந்து வாசித்து, முழுதாக நினைவகத்தில் வைத்து, பிறகு அனுப்புகிறது. 200 திரெட்டுகளும் ஒரே நேரத்தில் இந்த வேலையைச் செய்தால் படங்களுக்கு மட்டும் 400 எம்பி. உயிருள்ள 420உடன் சேர்ந்தால் 820. 1 ஜிபி ஹீப்பில் மூச்சுவிட இடமே இல்லை.

அதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. ஜாவா 9 முதல் இயல்பான சேகரிப்பான் ஜி1. அது ஹீப்பைச் சமமான பெட்டிகளாகப் பிரித்து ஆள்கிறது. நமது அளவுள்ள ஹீப்பில் ஒரு பெட்டி 1 எம்பி. பெட்டியின் பாதிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ உள்ள எந்தப் பொருளும், அதாவது 512 கேபியை எட்டும் எதுவும், ராட்சதப் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டு இளம் பகுதியைத் தொடாமல் நேரே முதிய பகுதிக் கணக்கில் விழுகிறது. அதற்கு அடுத்தடுத்த வெறும் பெட்டிகள் வேண்டும். புதிய பதிப்புகள் இவற்றில் பலவற்றை விரைவாக அகற்றினாலும், விநாடிக்கு நூற்றுக்கணக்கில் வந்தால் ஜி1 திணறும். ஒரு தரம் பாவித்து எறிய வேண்டிய இலையைக் கொண்டுபோய் அண்டா வைக்கும் அறையில் அடுக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் இங்கே நடக்கிறது.

மூன்றாவது, காத்திருப்பு. தரவுத்தளத்துக்கான இணைப்புகள் 10தான் என்று வைப்போம் (ஹிகாரி இணைப்புத் தொகுதியின் இயல்பான உச்சம் அதுதான்). 200 கோரிக்கைகள் உள்ளே வந்தால் 10 வேலை செய்யும், 190 கையில் பொருள்களை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும். சாப்பிட்டு முடிக்காதவரின் இலையை எடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் ஜி.சி. அவற்றைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது, அவை முதிய பகுதிக்கு ஏறுகின்றன, முதிய பகுதி நிரம்பி முழுச் சேகரிப்பு வருகிறது, தளம் சில விநாடி நிற்கிறது. பக்கம் வரவில்லை என்று மாணவர்கள் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள். ஒரு கோரிக்கை மூன்றாகிறது. 7.04க்கும் 7.10க்கும் இடையிலான ஆறு நிமிடத்தின் கதை இதுதான்.

இதற்கான மாற்றங்கள் ஜே.வி.எம். அமைப்புகளே அல்ல. ஆனாலும் முதலில் செய்ய வேண்டியவை இவைதான் என்பது என் உறுதியான கருத்து:

1. வினாத்தாளை ஒரேயொரு பிரதியாகப் பொது இடத்தில் வைத்து, செஷனில் தாளின் எண்ணையும் விடைகளையும் மட்டும் வைப்பது.

2. படங்களைச் சுருக்கி, கோப்புகளாக என்ஜினெக்ஸ் போன்ற முன்சேர்வரிடம் கொடுப்பது. அவை ஜாவாவின் ஹீப்பைத் தொடவே தேவையில்லை.

3. டொம்கேட்டின் திரெட் உச்சத்தை 200இலிருந்து 50 அளவுக்கு இறக்குவது. இரண்டு சிபியு உள்ள இயந்திரம் 200 வேலைகளை ஒன்றாகச் செய்யப் போவதில்லை. மற்றவர்கள் வாசலில் சில மில்லி விநாடி காத்திருப்பது, உள்ளே எல்லோரும் நெருங்கி விழுவதைவிட எவ்வளவோ நல்லது.

இவை முடிந்ததும் திரும்ப அளந்தால் அடி 240ஐ ஒட்டி வரும். நாலு மடங்கு 960. அதே 4 ஜிபி சேர்வரில் 1 ஜிபி ஹீப்போடு தேர்வு நடக்கும், கிணற்றில் 600 எம்பி மிச்சமும் இருக்கும். 8 ஜிபிக்கான பணம் கையில்.

அமைப்புகள், ஒவ்வொன்றாக

டொம்கேட்டைத் தனியாக நிறுவியிருந்தால், அதன் பின் (bin) என்ற அடைவில் செட்என்வி.எஸ்எச் என்ற கோப்பை உருவாக்கி, கட்டலினா ஒப்ட்ஸ் என்ற மாறியில் தெரிவுகளை எழுதுங்கள். பலர் ஜாவா ஒப்ட்ஸ் என்ற மாறியில் எழுதுகிறார்கள். அது டொம்கேட்டை நிறுத்தும் கட்டளைக்கும் போய்ச்சேரும். நிறுத்துவதற்கென்று தொடங்கும் குட்டி ஜே.வி.எம்.மும் 1 ஜிபி கேட்டு நிற்கும். ஸ்பிரிங் பூட் என்றால் தெரிவுகள் ஜார் என்ற சொல்லுக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் எழுதியவை செயலிக்கே போகும், ஜே.வி.எம். அவற்றைக் காணாது, பிழையும் வராது. "எக்ஸ்.எம்.எக்ஸ். போட்டேன், வேலை செய்யவில்லை" என்பதற்கு இது ஒரு சாதாரணக் காரணம்.

1. எக்ஸ்.எம்.எஸ்., எக்ஸ்.எம்.எக்ஸ். இரண்டுக்கும் ஒரே அளவு. உதாரணத்தில் 1024 எம்பி. ஹீப்பை நெருக்கடி நேரத்தில் விரிக்கும் வேலை இருக்காது. இடம் போதாது என்பதும் 7 மணிக்குத் தெரியாமல் தொடக்கத்திலேயே தெரிய வாய்ப்புக் கூடும்.

2. மேக்ஸ் மெட்டாஸ்பேஸ் சைஸ் 256 எம்பி. எல்லையற்றதை எல்லைக்குள் கொண்டுவருகிறோம்.

3. சேகரிப்பான். ஜி1 போதும். ஒன்றைக் கவனியுங்கள்: இயந்திரத்தில் ஒரு சிபியு மட்டும் இருந்தாலோ நினைவகம் 1792 எம்பிக்குக் குறைந்தாலோ ஜே.வி.எம். தானாகவே சீரியல் சேகரிப்பானைத் தேர்ந்துவிடும். மலிவான வாடகைச் சேர்வர்கள் பல இந்த வகைக்குள் வரும். சிறிய ஹீப்புக்கு அது கேடும் அல்ல. 2020இல் ஜாவா 15உடன் உற்பத்திக்கு உரியதாக அறிவிக்கப்பட்ட இசட்.ஜி.சி., பெரிய ஹீப்பிலும் நிறுத்தங்களை மிகச் சிறிதாக வைத்திருப்பதற்காக வந்தது. அதற்கு விலையாக சிபியுவையும் இடத்தையும் கூடக் கேட்கும். 1 ஜிபிக்கு வேண்டாம்.

4. நிறுத்த நேர இலக்கு. ஜி1 இயல்பாக 200 மில்லி விநாடியைக் குறிவைக்கும். அப்படியே விடுங்கள். இளம் பகுதியின் அளவை எக்ஸ்.எம்.என். தெரிவால் கையால் பூட்டாதீர்கள். அந்த அளவைக் கூட்டிக் குறைத்துத்தான் ஜி1 தன் இலக்கை எட்டுகிறது.

5. நினைவகம் தீர்ந்தால் ஹீப்பைக் கோப்பாகக் கொட்டும்படி சொல்லும் தெரிவு, அத்துடன் செயல்முறையை உடனே முடிக்கும் தெரிவு. பாதி உயிரோடு தடுமாறும் சேர்வரைவிட, விழுந்து சில விநாடியில், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியால் எழுப்பப்படும் சேர்வர் மாணவருக்கு நல்லது.

பழைய கட்டுரைகளிலிருந்து தெரிவுகளை அள்ளிக்கொண்டு வராதீர்கள். பேர்ம்ஜென் அளவு 2014க்கு முந்திய உலகத்தது. சி.எம்.எஸ். சேகரிப்பான் 2020இல் ஜாவா 14உடன் நீக்கப்பட்டது. ஒரு தெரிவு ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் அதை எடுத்துவிட்டு அளந்து பாருங்கள்.

டொக்கரில் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. ஜாவா 10 முதல், பழைய ஜாவா 8இல் 191ஆம் இற்றைப்படுத்தல் முதல், ஜே.வி.எம். கொள்கலனின் எல்லையைப் பார்க்கிறது. அதற்கு முந்தியவை முழு இயந்திரத்தின் நினைவகத்தையும் தங்களுடையது என்று எண்ணிக்கொள்ளும். கொள்கலனிலும் இயல்பான உச்சம் நாலில் ஒன்றுதான். மேக்ஸ் ரேம் பேர்சென்ரேஜ் தெரிவால் மாற்றலாம். 75க்கு மேல் போனால் ஹீப்புக்கு வெளியே உள்ளவற்றுக்கு இடம் நெருக்கும்.

அடி ஏறிக்கொண்டே போனால்

திங்கட்கிழமை 240, புதன் 310, வெள்ளி 390. மாணவர் தொகை கூடவில்லை, அடி மட்டும் ஏறுகிறது. இது கசிவு. குப்பை சேகரிப்பு இருக்கும் மொழியில் கசிவு எப்படி என்று கேட்பார்கள். யாராவது பிடித்துக்கொண்டிருக்கும் பொருளை ஜி.சி. எடுக்காது. மறந்துபோய்ப் பிடித்திருக்கிறார்களா, வேண்டுமென்று பிடித்திருக்கிறார்களா என்று அதற்குத் தெரியாது. செயலி ஓடும் வரை இருக்கும் ஸ்டாட்டிக் மேப் ஒன்றில் போட்டுவிட்டு எடுக்காதது, டொம்கேட்டின் திரெட்டுகள் திரும்பத் திரும்பப் பாவிக்கப்படும்போது திரெட்லோக்கல் என்ற, ஒவ்வொரு திரெட்டுக்கும் சொந்தமான இடத்தில் ஒட்டியிருப்பது, நிறுத்தாமல் மறுபடி ஏற்றிய செயலியின் பழைய பதிப்பு முழுதாகத் தங்கிவிடுவது என்பவை வழமையான இடங்கள்.

கசிவுக்கு ஹீப்பைக் கூட்டினால் வெள்ளிக்கிழமை விழுவது அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கொட்டிய ஹீப் கோப்பை எக்லிப்ஸின் மெமரி அனலைசரில் திறந்தால், எந்தப் பொருள் எவ்வளவைப் பிடித்து வைத்திருக்கிறது, அதை யார் பிடித்திருக்கிறார் என்ற சங்கிலியைக் காட்டும். பெரும்பாலும் பட்டியலின் முதல் இரண்டு மூன்று வரிகளுக்குள் ஆள் அகப்படும்.

அந்தக் கோப்பைப் பற்றி இரண்டு விடயம். அது ஹீப்பின் அளவுக்குப் பெரிதாக வரலாம். சேர்வரின் வட்டில் அந்தளவு இடம் இல்லாவிட்டால் தரவுத்தளமும் சேர்ந்து நிற்கும், ஆகவே கொட்டும் இடத்தைத் தனி வட்டுப் பகுதிக்குக் காட்டுங்கள். மற்றது, அந்தக் கணத்தில் சேர்வரில் இருந்த எல்லாமே அதற்குள் இருக்கின்றன: மாணவர்களின் பெயர்கள், தொலைபேசி எண்கள், அப்போதுதான் தட்டச்சு செய்த கடவுச்சொற்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இவை மற்றவர்களின் பிள்ளைகளின் விவரங்கள். உதவி கேட்டு யாருக்கும் அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். உங்கள் கணினியிலேயே திறந்து, சங்கிலியைக் குறித்துக்கொண்டு, இரண்டு இடத்திலும் அழித்துவிடுங்கள்.